பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குவதும் வைத்திருப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என்னிடம் 1992-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 500 இ ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் 500 இ-யிலிருந்துதான் வரும். கையை அழுக்காக்கிக்கொண்டது அந்த ஒரு வண்டியில்தான்.

முதலில், எந்தக் கார்களைச் சொல்கிறீர்கள்?

நாலு கதவு, பெரிய டிக்கி, அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். ஆனால் பானட்டைத் திறந்தால் ஸ்போர்ட்ஸ் காருக்கு வைக்கிற இன்ஜின். இந்த வகைக்கு மூத்த அண்ணன் 1968-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3. எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர், கம்பெனியின் மிகப் பெரிய 600 லிமோசினில் இருந்த 6.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை எடுத்து இதற்குள் இறக்கினார். 6,526 வண்டிகள் செய்தார்கள். அதில் ஒன்றை ஏஎம்ஜி என்ற நிறுவனம் பந்தயத்துக்குத் தயார்செய்து, 1971-ல் ஸ்பா 24 மணி நேர ஓட்டத்தில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தது.

அடுத்து 450 எஸ்இஎல் 6.9. 80-களில் மெர்சிடிஸ் 190 இ 2.3-16, பிஎம்டபிள்யூவின் முதல் எம்5. 90-ஐ ஒட்டி 500 இ, இரண்டாவது எம்5, அல்பினா பி10 பை-டர்போ, ஓப்பல் லோட்டஸ் ஒமேகா. இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறேன். 2000-க்குப் பிறகு வந்தவற்றுக்குக் கம்ப்யூட்டர் தொல்லைகள் தனி. அவற்றுக்கு வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

500 இ-யை போர்ஷே செய்ததாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் பாதிதான் சொல்வார்கள். 500 எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த ஐந்து லிட்டர் வி8-ஐ சாதாரண இ-கிளாஸ் உடம்புக்குள் வைக்க வேண்டும் என்று மெர்சிடிஸ் முடிவு செய்தது. அந்த வேலையை 1988-ல் போர்ஷேயிடம் ஒப்படைத்தார்கள். போர்ஷேக்கு அப்போது கையில் காசும் இல்லை, ஆலையில் வேலையும் போதவில்லை. அகலமான சக்கரங்களுக்காக மட்கார்டுகளை வெளியே இழுத்தார்கள். விளைவு, சிண்டல்ஃபிங்கனில் இருந்த மெர்சிடிஸின் சொந்த உற்பத்தி வரிசைக்குள் வண்டி நுழையவில்லை. அதனால் கட்டும் வேலையும் போர்ஷேயிடமே போனது.

நடந்த விதம் வேடிக்கை. உடம்பின் பாகங்கள் சிண்டல்ஃபிங்கனிலிருந்து ட்ஸுஃபன்ஹௌசனில் இருக்கும் போர்ஷே ஆலைக்குப் போகும். அங்கே உடம்பைச் சேர்த்து, பெயின்ட் அடிக்க சிண்டல்ஃபிங்கனுக்கு அனுப்புவார்கள். பெயின்ட் காய்ந்ததும் இன்ஜின், உள் வேலைகளுக்காக மறுபடி போர்ஷேக்கு. கடைசிப் பரிசோதனைக்கும் டெலிவரிக்கும் மறுபடி மெர்சிடிஸுக்கு. ஒரு வண்டி முடிய 18 நாள் ஆனது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் லாரியில் அலைந்தே வளர்ந்த கார் இது. 1990 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி 1995 ஏப்ரலில் நின்றது. மொத்தம் 10,479.

இதில் ஒரு எச்சரிக்கை. விற்பவர் "போர்ஷே கட்டின வண்டி சார்" என்று விலையை ஏற்றினால் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அது இந்த மாடலுக்கே உள்ள கதை. அவருடைய வண்டியின் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை.

எண்ணிக்கை குறைவு என்றால் விலை கூடும், இல்லையா?

அப்படி ஒரு நேர்க்கோடு கிடையாது. 190 இ-யின் எவல்யூஷன் 2 வண்டிகள் 502 செய்தார்கள். அல்பினா பி10 பை-டர்போ 507. கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. அல்பினா மணிக்கு 290 கி.மீ. ஓடியது, எவோ 2-ஐ எளிதாக முந்தும். ஆனால் விலையில் எவோ 2 வெகு தூரம் முன்னால் நிற்கிறது. காரணம் அந்தப் பெரிய பின் இறக்கை, பந்தயத் தளத்தில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, பிறகு 190 இ-யைச் சுற்றிச் சேர்ந்த கதைகள். 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ ஓடுதளத்தில் 2.3-16 வண்டிகள் 50,000 கி.மீ. தூரத்தை மணிக்கு சராசரி 247.9 கி.மீ. வேகத்தில் ஓடின. 1984 மே மாதம் ஜெர்மனியின் புது நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தின் திறப்பு விழாவில் ஒரே மாதிரியான 190 இ-களில் பெரிய பெரிய ஓட்டுநர்களை உட்கார வைத்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் நிக்கி லௌடாவை இரண்டாமிடத்துக்குத் தள்ளி ஜெயித்தவர், அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத அயர்டன் சென்னா. சின்ன வயதில் சுவரில் ஒட்டிய போஸ்டருக்குத்தான் ஐம்பது வயதில் பணம் கொடுக்கிறார்கள்.

எண்ணிக்கையை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. முதல் எம்5 அமெரிக்காவுக்குப் போனபோது 500 மட்டுமே விற்போம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் 1,200-க்கும் மேல் போனது. வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது. இன்றைக்கு அந்த வண்டிக்கு நல்ல விலை இருக்கிறது. 500-ஆ 1,200-ஆ என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ஒரு வண்டியின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

ஜெர்மனியில் பழைய கார்களுக்குப் பள்ளிக்கூட மார்க் மாதிரி 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். 1 என்றால் புதுசு போல, 5 என்றால் மொத்தமாகப் பிரித்துக் கட்ட வேண்டியது. விளம்பரங்களில் எல்லாம் "தரம் 2" என்றிருக்கும். நேரில் போனால் பெரும்பாலும் 3.

நான் கழித்துப் பார்க்கிறவன். சமீபத்தில் நல்ல நிலையில், முழு ஆவணங்களோடு கைமாறிய ஒரு வண்டியின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். கைமாறிய விலை என்பதைக் கவனிக்கவும். விளம்பரத்தில் கேட்கும் விலை ஒரு ஆசை, அவ்வளவுதான். சில வண்டிகள் அதே விலையோடு இரண்டு வருஷமாக விளம்பரத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். சரி, அந்த விலையிலிருந்து உங்கள் முன்னால் நிற்கும் வண்டிக்குப் பாக்கி இருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். வயரிங் மாற்றவில்லையா, கழி. பின் சஸ்பென்ஷன் குதிக்கிறதா, கழி. ஏசி வேலை செய்யவில்லையா, நிறையவே கழி. "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்பார்கள். கேஸ் மட்டும் போட்டால் போதும் என்றால் அவரே போட்டிருப்பார்.

எல்லாவற்றையும் கழித்த பிறகு, பிரித்தால் வெளியே வரப்போகும் வேலைகளுக்கு இன்னொரு தொகை கழியுங்கள். அது இல்லாத வண்டியை நான் பார்த்ததில்லை.

கூட்டுவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஃபோல்டர். சர்வீஸ் புத்தகம், பில்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் டியூஃப் (வாகனத் தகுதி) பரிசோதனைத் தாள்கள். நான் வண்டி வாங்கியபோது காரைச் சுற்றிப் பார்த்தது ஒரு மணி நேரம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஃபோல்டரைப் புரட்டியது இரண்டு மணி நேரம். முந்தைய உரிமையாளர் ஓய்வுபெற்ற மனிதர், பெட்ரோல் போட்ட ரசீதைக்கூடத் தேதி வாரியாகக் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லிலும் ஓடோமீட்டர் எண் இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கேயாவது எண் பின்னோக்கிப் போனாலோ, ஏழெட்டு வருஷம் ஒரு பில்லும் இல்லாமல் இருந்தாலோ, அங்கே ஒரு கதை இருக்கிறது.

குறைவாக ஓடிய வண்டிதான் நல்லதா?

விற்கும்போது நல்லது. ஓட்டும்போது அவ்வளவு நிச்சயமில்லை. இருபது வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும், பெட்ரோல் டேங்குக்குள் துரு இருக்கும். ஒழுங்காகப் பராமரித்து 2 லட்சம் கி.மீ. ஓடிய 500 இ-யை நான் பயமில்லாமல் வாங்குவேன். அதன் எம்119 இன்ஜின் உறுதியானது. 1989-ல் லே மான் பந்தயத்தை ஜெயித்த சாபர்-மெர்சிடிஸ் சி9-இல் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான், இரண்டு டர்போ சேர்த்தது.

போலி வண்டிகள் உண்டா?

உண்டு. மட்கார்டுகளும் பம்பரும் கிடைத்தால் 400 இ-யை 500 இ மாதிரி ஆக்கிவிடலாம். அதுவும் வி8 என்பதால் சத்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சேசிஸ் நம்பரைப் பாருங்கள். ஐரோப்பிய வண்டி என்றால் முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு 124036 என்று வர வேண்டும். 124034 என்றிருந்தால் அது 400 இ. அமெரிக்காவுக்குப் போனவற்றில் எண் எழுதும் முறையே வேறு. பின்பக்கம் ஒட்டிய "500 இ" எழுத்து எதற்கும் சாட்சி இல்லை, கடையில் வாங்கலாம்.

ஆறு லிட்டர் இன்ஜின் வைத்த இ 60 ஏஎம்ஜி என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். வண்டியின் விவரங்களைக் கம்பெனி எழுதி வைத்த டேட்டா கார்டில் 957 என்ற ஆப்ஷன் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு யாரோ இன்ஜின் மாற்றிய வண்டி. ஓட்ட ஆனந்தமாக இருக்கலாம், விலை அது இல்லை.

பார்க்கப் போகும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்?

முதல் வேலை, போவதற்கு முன் போன் செய்து "இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்த இன்ஜினுக்கு முன்பக்கம் இரண்டு டிஸ்ட்ரிப்யூட்டர். மூடிக்குள் ஈரம் சேர்ந்தால் காலையில் கிளப்பும்போது திணறும், சூடானதும் ஒன்றும் தெரியாது. மழை பெய்த மறுநாள் காலையில் பார்க்கப் போவது உத்தமம்.

இரண்டாவது வயரிங். 90-களின் முதல் பாதியில் மெர்சிடிஸ் பயன்படுத்திய இன்ஜின் வயர்களின் மேலுறை, சூட்டில் சில வருஷங்களிலேயே மக்கிப்போகும் ரகம். ஒரு கனெக்டரின் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளி, உள்ளே தெரியும் வயரை விரலால் லேசாக வளையுங்கள். புதிதாக மாற்றியது என்றால் வளையும். பழையது என்றால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி, செம்புக் கம்பி பளிச்சென்று தெரியும். அப்படி இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் விலை உயர்ந்த கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து போகும். த்ராட்டிலை இயக்கும் பாகத்துக்குள்ளும் அதே வயர் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். இன்ஜின் வயரிங்கை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்த நாலாவது மாதம், ஆட்டோபானில் (ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலை) வேகமே ஏறாமல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்றாவது துரு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பலகைகள் அழகாக இருக்கும், அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்து மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில் பெயின்ட் கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். முன் மட்கார்டு இந்த மாடலுக்கென்றே செய்தது, சாதாரண இ-கிளாஸ் மட்கார்டு பொருந்தாது. விலை கேட்டால் தலை சுற்றும்.

கடைசியாகப் பின் சஸ்பென்ஷன். எடை ஏறினால் தானாக உயரத்தைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு அது. இன்ஜின் ஓடும்போது டிக்கியில் இரண்டு பேர் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் பழைய உயரத்துக்கு எழுந்து வர வேண்டும். ஓட்டும்போது மாட்டு வண்டி மாதிரித் தூக்கிப் போட்டால் அதற்குள் இருக்கும் கேஸ் உருண்டைகள் போய்விட்டன என்று அர்த்தம். அது பெரிய வேலை இல்லை, பேரம் பேச உதவும்.

எந்த வருஷத்து வண்டி நல்லது?

ஆரம்ப வண்டிகளுக்கு 326 குதிரைத் திறன், 1992 இலையுதிர் காலத்துக்குப் பிறகு 320. ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. பிந்தையவற்றில் பிரேக் பெரியது. 1993-ல் முகம் மாறிப் பெயரும் இ 500 ஆனது. எனக்குப் பழைய முகம் பிடிக்கும். கடைசியில் வந்த 'இ 500 லிமிடெட்' என்ற வண்டிகளுக்குத் தனி விலை. மற்றபடி வருஷத்தைப் பார்க்காதீர்கள், நிலையைப் பாருங்கள்.

தினமும் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஓட்டுவதற்கு இவ்வளவு சாதுவான கார் வேறு இல்லை. நகரத்தில் நிதானமாகப் போகும், ஆட்டோபானில் மிதித்தால் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு தடுக்கிற 250 வரை முணுமுணுக்காமல் ஏறும். ஆனால் பெட்ரோல் குடிக்கும். 90 லிட்டர் டேங்கை அவர்கள் சும்மா வைக்கவில்லை. பின்னால் இரண்டு தனி இருக்கைகள்தான், ஆகவே மொத்தம் நாலு பேர். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு போடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை என் வண்டி வெளியே வராது.

வரி, எச் நம்பர் பிளேட் பற்றிச் சொல்லுங்கள்.

முதல் பதிவிலிருந்து 30 வருஷம் ஆன, நல்ல நிலையில் அசலாக இருக்கும் வண்டிக்கு ஜெர்மனியில் நம்பரின் கடைசியில் எச் எழுத்து கிடைக்கும். இன்ஜின் எவ்வளவு பெரியதானாலும் வருஷ வரி சுமார் 192 யூரோ. அது இல்லாமல் யூரோ 1 என்ற புகை அளவுத் தரத்தில் இருந்தால் ஒவ்வொரு 100 சிசிக்கும் 15.13 யூரோ, அதாவது ஐந்து லிட்டருக்கு 756 யூரோ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. 1995-ல் வந்த கடைசி வண்டிகளும் இப்போது இந்த வயதை எட்டிவிட்டன. இன்சூரன்ஸுக்கு முன்னால் ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு "இது வெறும் முப்பது வருஷப் பழைய இ-கிளாஸ்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பெரிய சக்கரம், புது ஸ்டீரியோ போடலாமா?

போடுங்கள், பழையதைத் தூக்கி எறியாதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். விற்கிற அன்று அந்த மூட்டைக்குத் தனியாகப் பணம் கிடைக்கும்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் கேள்வி. பழைய கார் இறக்குமதிக்கு அங்கே இருக்கும் பொது விதிப்படி, வண்டி தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். 500 இ இரண்டிலும் ஃபெயில். வலப்பக்க ஸ்டீயரிங்கோடு அதைக் கம்பெனி செய்யவே இல்லை.

ஆனால் அதன் தம்பிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். 1995-ல் மெர்சிடிஸ் புனேயில் முதன்முதலில் கட்டிய கார் இதே டபிள்யூ124 தான், அதாவது 500 இ எந்த இ-கிளாஸ் தலைமுறையில் வந்ததோ அதே தலைமுறை. இ 220, இ 250 டீசல் என்று வந்தன. கதவு மூடும்போது வரும் அந்தக் கனமான "தப்" சத்தம், கண்ணாடியின் மேல் மூலை வரை எட்டி எட்டித் துடைக்கும் ஒற்றை வைப்பர், எல்லாம் அப்படியே இருக்கும். வி8 மட்டும் இருக்காது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

முதலீடாக வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். விலை ஏறியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஏறிய தொகையிலிருந்து பத்து வருஷத்து ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், டயர், வயரிங், ஆட்டோபானில் ஊர்ந்த அன்று ஆன செலவு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று நான் ஒருமுறை கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

உங்கள் வண்டியை விற்பீர்களா?

இப்போது கேட்டால் முடியவும் முடியாது. ஏசி எவாப்பரேட்டரை மாற்றுவதற்காக டாஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹாலில் வைத்திருக்கிறேன். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழி குழியாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எந்தக் குழியில் எந்த இடத்து ஸ்க்ரூ என்று ஒரு தாளில் எழுதித் தேதியும் போட்டாயிற்று. வேலை முடிந்ததும் அந்தத் தாளும் ஃபோல்டருக்குள் போகும்.